வன்னிக் குழந்தையும் ஒரு பைக்கற் ஜீவனியும்

குழந்தைக்கு வயிற்றாலை போகத் தொடங்கிவிட்டால் வன்னியில் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, “சேலைன் ஏத்தவேணுமோ?” என்றுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டியதில்லை. சேலைன் செய்யும் வேலையை வாயால் பருக்கும் ஜீவனி என்ற உப்புக் கரைசலே செய்துவிடும். அரச வைத்தியசாலையில் அது இலவசம். பார்மசியில் வாங்கினாலும் விலை அதிகமில்லை. கரைத்துக் கொடுக்க டொக்டர் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை.

இவ்வளவு எளிய மருந்து கையில் இருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,40,000 குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட இந்தக் கரைசல் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்களில் ஏழைகளும் நாட்டுப்புறத்தாரும் போரில் அகப்பட்டவர்களும் பலர்.

இலங்கையில் இந்த நோயால் குழந்தை இறப்பது இன்று அரிது. இலவச மருத்துவமும், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், தாய்மாரின் கல்வியும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. ஆனால் இறப்பு குறைந்துவிட்டதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே சிகிச்சை கிடைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிளிநொச்சி நகரத்துப் பிள்ளை சற்று நேரத்தில் வைத்தியசாலைக்குப் போய்விடும். முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பிள்ளை விடியும்வரை காத்திருக்கவேண்டி வரும். இந்த நோயில் ஆபத்து முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

உடலில் நடப்பது

ரோட்டா வைரஸ், ஈ.கோலி, ஷிகெல்லா போன்ற கிருமிகள் குடலைத் தாக்கும்போது, குடல் உறிஞ்ச வேண்டிய நீர் வெளியே போகிறது. அதோடு சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் போகின்றன. வளர்ந்தவருக்கு இது ஒரு நாள் அவதி. குழந்தையின் உடலிலோ இழப்பதற்கு அவ்வளவு நீர் கிடையாது. 10 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு லீற்றர் நீரை இழந்தாலே அது கடுமையான நீரிழப்பு. சத்தியும் சேர்ந்துவிட்டால் அந்த நிலைக்கு வரச் சில மணித்தியாலங்கள் போதும்.

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. நோயுற்ற குடல் வெறும் நீரைச் சரியாக உள்ளே எடுக்காது. ஆனால் உப்பும் சீனியும் அளவாகச் சேர்ந்து வந்தால் குடற்சுவரில் ஒரு கதவு திறக்கிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே நுழைய, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. வயிற்றோட்டத்திலும் இந்தக் கதவு பெரும்பாலும் பழுதாவதில்லை. 1960ஆம் ஆண்டில் றொபர்ட் கிறேன் என்ற உயிர்வேதியியலாளர் இந்த வழியை விளக்கினார். அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் நாம் கரைக்கும் ஜீவனி. இன்றைய உலக சுகாதார நிறுவன அளவின்படி ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சிற்றேற்று உப்பு. எல்லாம் சேர்த்தாலும் 20.5 கிராம்தான்.

இந்தக் கரைசலின் வல்லமையை உலகத்துக்குக் காட்டிய இடம் ஓர் அகதி முகாம். 1971இல் வங்கதேசப் போரில் இடம்பெயர்ந்தோர் மேற்கு வங்கத்தின் பொங்காவ் எல்லையில் குவிந்தபோது கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோன நிலையில் டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பைகளில் நிரப்பி, நீரில் கரைத்து நோயாளரின் உறவினர்களைக் கொண்டே பருக்கச் செய்தார். அதுவரை நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, 4க்கும் கீழே இறங்கியது. தாதிமார் போதாத இடத்தில், மண்தரையில், தாய்மாரும் தகப்பன்மாரும் கொடுத்த சிகிச்சை அது.

கரைக்கும்போது நேரும் பிழை

ஜீவனி கைக்கு வந்த பின்பும் பல வீடுகளில் அது பிழைக்கிறது. ஒரு லீற்றருக்கான பைக்கற்றைப் பிரித்து, பிள்ளை குடிக்கக்கூடிய அளவு பார்த்து ஒரு தம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குகிறார்கள். இப்படிச் செய்தால் உப்பு மிஞ்சிவிடலாம். உப்பு மிஞ்சிய கரைசல் பிள்ளையின் இரத்தத்தில் சோடியத்தைக் கூட்டி வலிப்புவரை கொண்டுபோகலாம். நீரைக் கூட்டி ஐதாக்கினால் பயன் குறையும்.

சரியான முறை இதுதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பைக்கற்றில் எழுதியிருக்கும் நீரின் அளவைப் பாருங்கள். ஒரு லீற்றர் என்றிருந்தால், 500 மில்லி லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் இரண்டு தரம் கொதித்தாறிய நீரை அளந்து ஒரு சுத்தமான பாத்திரத்தில் விட்டு, பைக்கற்றை முழுவதும் கொட்டிக் கலக்குங்கள். சீனியோ தேனோ சோடாவோ சேர்க்கவேண்டாம். கரைத்ததை மூடி வைத்து 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்துங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றாலை போன பின்பும் 50 முதல் 100 மில்லி லீற்றர். அதற்கு மேற்பட்ட வயதென்றால் 100 முதல் 200 மில்லி லீற்றர். போத்தலோடு நீட்டாமல் கரண்டியால் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். சத்தி எடுக்கிறது என்று நிறுத்திவிடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். சோறு, கஞ்சி, வாழைப்பழம் என்று பிள்ளை வழக்கமாகச் சாப்பிடுவதையும் நிறுத்தவேண்டாம். வயிற்றைக் காயப்போட்டால் ஓட்டம் நிற்கும் என்ற எண்ணம் பிள்ளையை மெலியவைக்கும். மெலிந்த பிள்ளைக்கு அடுத்த ஓட்டம் இன்னும் கடுமையாக வரும். ஜீவனியோடு நாக (சிங்க்) மருந்தும் சேரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2004இலேயே கூறிவிட்டன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லி கிராம், அதற்குட்பட்ட பிள்ளைக்கு 10 மில்லி கிராம் என 10 முதல் 14 நாள். இது நோயின் காலத்தைக் குறைக்கும், அடுத்த சில மாதங்களில் நோய் திரும்பி வருவதையும் குறைக்கும். ஓட்டம் நின்றதும் நாகத்தை நிறுத்திவிடாமல் நாட்கணக்கை முடிக்கவேண்டும்.

வைரசால் வந்த வயிற்றோட்டத்துக்கு அன்ரிபயோற்றிக் எதுவும் செய்யாது. பெரியவர்கள் போடும் ஓட்டம் நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைக்கு ஒருபோதும் கொடுக்கக்கூடாது. நாவூறு கழிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அதற்காக ஜீவனியைத் தாமதிக்கவேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள் சில உள்ளன. பிள்ளை சோர்ந்து மயங்கிக் கிடத்தல், குடிக்க முடியாமை, கண் குழி விழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், பல மணித்தியாலமாகச் சலம் போகாமை, மலத்தில் இரத்தம், ஓயாத சத்தி, வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்கவேண்டாம். அப்போதுதான் சேலைன் தேவைப்படுகிறது. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை முதல் வட மாகாணத்திலும் இயங்குகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

இலவச மருந்துக்கு ஆகும் செலவு

இவ்வளவும் தெரிந்த தாய்க்கும் எல்லாம் கைகூடுவதில்லை. தோட்டத்தில் களை பிடுங்கி நாட்கூலி வாங்கும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். போரில் கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். கடைக்குட்டிக்கு இரவு பதினொரு மணிக்கு வயிற்றாலை போகத் தொடங்குகிறது. ஏ9 வீதியும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34உம், பரந்தனிலிருந்து போகும் ஏ35உம் நல்ல காப்பற் வீதிகள்தான். ஆனால் அவள் வீட்டிலிருந்து அந்த வீதிக்கு வர ஒரு கிரவல் ரோட்டு இருக்கிறது. மாரியில் அது சேறு. இரவில் யானை வரும். ஓட்டோக்காரர் வருவதென்றால் வழக்கமான கூலியை விடக் கூடக் கேட்பார். மற்ற இரண்டு பிள்ளைகளை யாரிடம் விடுவது? விடிந்து வைத்தியசாலைக்குப் போய், நம்பர் எடுத்து, வாட்டில் மறிக்கச் சொன்னால் அன்றைய கூலி போகும், மறுநாள் கூலியும் போகும். ஆடைத்தொழிற்சாலை வேலையென்றால் பல இடங்களில் வரவுக்கான கொடுப்பனவும் சேர்ந்து போய்விடும். வாராந்த நுண்கடன் தவணை மட்டும் நிற்காது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அவள் “கொஞ்சம் பாப்பம்” என்கிறாள். வைத்தியசாலைக்குப் போனதும், “ஏன் பிந்திக் கொண்டுவந்தனீர்?” என்று அவளைத்தான் கேட்பார்கள். மருந்துக்கு அவள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. மருந்தை எட்டுவதற்கோ இரண்டு நாள் உழைப்பைக் கொடுத்தாள்.

வறுமையின் அளவைப் புள்ளிவிபரம் காட்டுகிறது. 2012/13ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் நாடு முழுவதும் வறியோர் 6.7 சதவீதம், முல்லைத்தீவில் 28.8. 2016இல் நாட்டின் அளவு 4.1 ஆகக் குறைந்தபோது கிளிநொச்சியில் 18.2 ஆக இருந்தது. அதே ஆய்வில் வவுனியா மாவட்டத்தின் அளவு நாட்டின் சராசரியை விடக் குறைவு. ஆகவே வன்னி முழுவதையும் ஒரே நிலை என்று எண்ணிவிடக்கூடாது. வவுனியா நகரத்துக்கும் வவுனியா வடக்குக்கும் இடையிலேயே பெரிய தூரம் உண்டு.

ஒரே பிரதேசத்துக்குள்ளும் மேடு பள்ளம் இருக்கிறது. 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் பலவும் காணி உறுதியோ நீர்ப்பாசனமோ இல்லாத குடியேற்றங்களில் தங்கின. நாட்கூலியையே நம்பியிருக்கும் வீடுகள் அங்கே அதிகம். அடிக்கடி வயிற்றோட்டம் காணும் பிள்ளையும், அதற்காக வேலையை விடமுடியாத தாயும் ஒரே வீட்டில் இருப்பது இப்படித்தான்.

மொழியும் ஒரு தடையாகலாம். தெற்கிலிருந்து வந்து வன்னியில் பணியாற்றும் வைத்தியர்கள் பலர். அவர்கள் இல்லாவிட்டால் சில வாட்டுகள் இயங்கவே மாட்டா. ஆனால் எத்தனை தரம் போனது, எப்போது கடைசியாகச் சலம் போனது, பைக்கற்றை எவ்வளவு தண்ணீரில் கரைத்தாய் என்ற கேள்விகள் தாயின் மொழியில் கேட்கப்படாவிட்டால் பாதிச் சிகிச்சை அங்கேயே தவறுகிறது.

தண்ணீரும் தடுப்பு மருந்தும்

சிகிச்சையில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கு முன்னரே நோய் வருவதில் ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகிறது. வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கிணறுதான் குடிநீர். மாரி வெள்ளம் கட்டில்லாத கிணற்றுக்குள் இறங்கினால் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியான நாட்களுக்குப் பிறகு கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அளவுப்படி குளோரின் போடும்வரை அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. கோடையில் பிரச்சினை வேறு. பூநகரிப் பக்கம் கிணறு உவர்க்கிறது, பவுசர் வரும்வரை குடத்தோடு காத்திருக்கவேண்டும். குடிக்கவே அளந்து எடுக்கும் வீட்டில் கை கழுவ எவ்வளவு மிஞ்சும்?

குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு முக்கிய காரணமான ரோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து உண்டு. வாயில் விடும் சொட்டு மருந்து. பிறந்து ஆறு வாரத்திலிருந்து தொடங்கலாம். இந்தியா 2016 முதல் அதைப் படிப்படியாக அரச திட்டத்தில் சேர்த்தது. இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் அது நீண்டகாலமாக இடம்பெறவில்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போடவேண்டும். நாட்டில் இறப்பு குறைவாக இருப்பதால் அவசரம் இல்லை என்ற வாதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பும், பவுசர் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு நோயும் என்பதே அதன் விளைவு.

ஒரே கரை, இரண்டு முடிவு

வழி திறந்திருப்பதும் அடைபடுவதும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை முல்லைத்தீவுக் கரையே காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. கிணறுகள் எல்லாம் உப்பு, மக்கள் எல்லோரும் முகாமில். கொள்ளைநோய் வரும் என்று உலகம் அஞ்சியது. ஆனால் யுத்த நிறுத்தம் இருந்தது, பாதை திறந்திருந்தது. சுத்தமான நீரும் மருந்தும் வந்தன, ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். இலங்கையின் எந்தக் கரையிலும் பெருங் கொள்ளைநோய் எழவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கரையில் நடந்தது வேறு. அதற்கு முன்னரே போர் மீண்டும் மூண்டு, 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு பணித்தது. 2009 பெப்ரவரியில் எறிகணை வீச்சுக்கு இலக்கான புதுக்குடியிருப்பு வைத்தியசாலை கைவிடப்பட, புதுமாத்தளனில் தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. மணலில் தோண்டிய கிணறுகள், மலசலகூடம் இல்லாத கரை, பதுங்குகுழியில் பிள்ளைகள், நீர் அதிகம் விட்டுக் காய்ச்சிய கஞ்சி. மோதல் பகுதிக்கு உணவும் மருந்தும் போதிய அளவு போகவிடாமல் தடுக்கப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. பொங்காவ் முகாம் காட்டிய வழிக்கு அப்போது 38 வயது. அறிவு இருந்தது, வைத்தியர்களும் இருந்தார்கள். பைக்கற் வருவதற்குப் பாதை இருக்கவில்லை.

உயிர் தப்பி வந்தவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 2009 ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்து மலசலக்குழிகள் நிரம்பி வழிந்தன. அங்கே மருந்து இருந்தது. வெளியே போகும் உரிமை டிசம்பர் வரை இருக்கவில்லை. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

கணக்கில் வராத பிள்ளைகள்

எத்தனை வன்னிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது, எத்தனை பேருக்கு ஜீவனி கிடைத்தது? போர்க்காலத்துக்கு இதற்கு விடை தேடினால் புத்தகம் வெறுமையாக இருக்கும். இலங்கையின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் வட மாகாணம் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. 2006/07 ஆய்விலும் வடக்கு இல்லை. நாடு முழுவதையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு 2016இல்தான் வந்தது. 2001 குடிசன மதிப்பீடும் வன்னியில் முழுமையாக நடக்கவில்லை. இலங்கையின் சாதனை என்று உலகம் பாராட்டிய எண்களில் பெரும்பகுதி வன்னிப் பிள்ளைகளை எண்ணாமல் எழுதப்பட்டவை.

இன்றும் மாகாண சராசரி என்ற ஒரே எண்ணுக்குள் யாழ் நகரத்துப் பிள்ளையும் துணுக்காய்ப் பிள்ளையும் ஒன்றாகிவிடுகிறார்கள். கிராமம் கிராமமாகப் பிரித்துப் பார்த்தால்தான் பிந்தி வந்த பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று தெரியும்.

செய்யக்கூடியவை

வீட்டில்: மாரிக்கு முன்னரே இரண்டு பைக்கற் ஜீவனி வாங்கி, ஈரம்படாத இடத்தில் வையுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். ஒரு லீற்றர் அளக்கும் போத்தலை அடையாளமிட்டு வையுங்கள். முதல் தடவை வயிற்றாலை போனதுமே பருக்கத் தொடங்கினால் இரவில் ஓடவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

டொக்டரிடம்: “ஜீவனியும் நாகமும் தாங்கோ” என்று நீங்களே கேளுங்கள். இந்தியாவின் கர்நாடகாவிலும் பீகாரிலும் தனியார் வைத்தியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. உப்புக் கரைசலை எழுதிக் கொடுக்காததற்குப் பெரிய காரணம் கையிருப்பு இல்லாமை அல்ல. நோயாளர் அதை விரும்பமாட்டார் என்ற வைத்தியரின் எண்ணமே என்று அது கண்டது. கேட்டால் கிடைக்கும் மருந்து இது.

அதிகாரிகளிடம்: வன்னியின் உட்கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்களை முதலில் நிரப்பவேண்டும். ஜீவனியும் நாகமும் வைத்தியசாலைக் களஞ்சியத்தோடு நிற்காமல், முன்பள்ளி ஆசிரியரிடமும் கிராம மட்டச் சுகாதாரத் தொண்டரிடமும் இருக்கவேண்டும். 2022 நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டு, திரிபோஷாச் சத்துமா விநியோகமும் தடைப்பட்டது. இப்படியான நேரத்தில் முதலில் வெறுமையாகக்கூடியவை தூரத்து நிலையங்கள்தான். தட்டுப்பாட்டுக் காலத்தில் தூரத்துக்கு முதலில் அனுப்புவது என்ற விதி இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

ஒரு மாவட்டம் இந்த நோயில் எப்படி இருக்கிறது என்று அறிய, களஞ்சியத்தில் எத்தனை பைக்கற் இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. அடுத்த முறை பிரதேச சபையிலோ வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ பேச வாய்ப்புக் கிடைத்தால் இப்படிக் கேளுங்கள்: போன மாரியில் வாட்டில் மறிக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டிலேயே ஜீவனி குடித்துவிட்டு வந்தார்கள்? குடிக்காமல் வந்தவர்கள் எந்தக் கிராமத்தார்? அந்த இரண்டு விடையும் கிடைத்தால், அடுத்த பெட்டி ஜீவனி எந்த ரோட்டால் போகவேண்டும் என்று தெரிந்துவிடும்.